வீட்டுப் பட்டறைக்கு டோவல் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் வாரக் கடைசியில் மரவேலை செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். செருப்பு அலமாரி, புத்தக ஷெல்ஃப், பிள்ளைக்குப் படிப்பு மேசை என்று தொடங்குகிறார்கள். ஸ்க்ரூ தலை வெளியே தெரியாமல் இணைக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் டோவல் பக்கம் திரும்புகிறார்கள். அப்போது எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

டோவல்னா என்ன சார்? ஸ்க்ரூ போட்டா பத்தாதா?

உருண்டையான சின்ன மரக்குச்சி. இணைக்க வேண்டிய இரண்டு துண்டுகளிலும் எதிரெதிரே ஓட்டை போட்டு, பசை தடவி, பாதிக் குச்சி இதில், பாதிக் குச்சி அதில் என்று இறக்கிச் சேர்ப்பது. வெளியே எதுவும் தெரியாது. நம் ஆசாரிகள் நிலைக்கதவில் கழுந்து (சட்டத்தின் முனையையே நாக்கு மாதிரி வெட்டியது) இறக்கி, அது கழலாமல் இருக்க மூங்கில் ஆணி அடிப்பார்கள். டோவலில் அந்தக் கழுந்தின் வேலையையே குச்சி செய்கிறது.

ஸ்க்ரூவும் போதும், பல இடங்களில். பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரிக்கு ஸ்க்ரூ போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பலகையின் வெட்டுமுகத்தில் ஸ்க்ரூ இறக்கினால் பிடிப்பு குறைவு. பார்ட்டிகிள் போர்டில் இன்னும் குறைவு. அங்கே டோவலும் பசையும் நன்றாக உழைக்கும்.

தொடங்க என்னென்ன வாங்கணும்? கம்மி செலவுல சொல்லுங்க.

முதல் செலவு டிரில் பிட்டுக்கு. ஓட்டை சரியான இடத்தில் நேராக இறங்க பிட்டை வழிநடத்தும் கருவியான ஜிக்கை அப்புறம் பார்க்கலாம். 8 மி.மீ. பிராட் பாயிண்ட் பிட்டு ஒன்று வாங்குங்கள். நடுவில் ஊசி மாதிரி முனையும், ஓரத்தில் இரண்டு சின்னக் கத்திகளும் இருக்கும். நடு முனை குறித்த இடத்தில் குத்தி நிற்கும், ஓரக் கத்திகள் நாரை வெட்டிவிட்டுத்தான் உள்ளே போகும். இரும்புக்குப் போடும் சாதாரண பிட்டு மரத்தின் ரேகை இழுக்கும் பக்கம் நழுவும். தேக்கில் கருவரிக்கும் வெளிர்வரிக்கும் நடுவே ஓட்டை போட்டுப் பாருங்கள், மென்மையான பக்கம் அது ஒதுங்குவது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, வரி வெட்டிய டோவல் ஒரு பாக்கெட், ஒரு நல்ல மூலைமட்டம், கூர்மையான பென்சில், ஆழம் குறிக்க மாஸ்கிங் டேப். வீட்டில் இருக்கும் டிரில் மெஷினே போதும். சுவருக்குப் போடும் சுத்தியல் முறையை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். ஓட்டையை எதிர்ப் பலகைக்கு மாற்றிக் குறிக்க, டோவல் சென்டர் தொகுப்பு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இவ்வளவு இருந்தால் முதல் ஷெல்ஃபைச் செய்துவிடலாம். பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், அதற்கான செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

டோவல் 6, 8, 10 மி.மீ.னு இருக்கே, எதை எடுக்கிறது?

பலகையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பாதிக்கு மேல் போகாமல். 12 மி.மீ. பிளைவுட்டுக்கு 6, 18-க்கு 8, 25 மி.மீ. மரத்துக்கு 10. வீட்டு வேலையில் முக்கால்வாசி 18 மி.மீ. பலகைதான், அதனால் முதலில் 8 மட்டும் வாங்குங்கள். நீளத்தில் 40 மி.மீ. பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒத்துவரும், 30 மி.மீ.யும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

வழவழப்பான உருட்டுக் கம்பை வாங்கி அறுத்துப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் அதன் உடம்பில் ரம்பப் பல்லால் நீளவாக்கில் இரண்டு மூன்று கீறல் போட்டு, இரு முனையையும் உப்புத்தாளில் சாய்த்துவிடுங்கள். கீறல் இல்லாத குச்சியை அடிக்கும்போது உள்ளே இருக்கும் பசையும் காற்றும் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும். மெல்லிய பலகை என்றால் அந்த அழுத்தத்திலேயே பிளக்கும்.

கடையில மூணு நூல் பிட்டு குடுத்தாரு. 10 டோவல் உள்ளேயே போகலை, ஏன்?

நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் இன்னும் நூல் கணக்குதான். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் 3.175 மி.மீ. மூன்று நூல் என்பது 9.5 மி.மீ.தான். அதில் 10 மி.மீ. டோவலை அடித்தால் பாதியில் நின்றுவிடும், இல்லை பலகை விரியும். இதற்கு நேர்மாறாக இரண்டு நூல் பிட்டு 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. டோவல் தொளதொளவென்று ஆடும், பசை அந்த இடைவெளியை நிரப்பிப் பிடிக்காது.

இரண்டரை நூல் மட்டும் 7.94 மி.மீ., 8-க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மற்ற அளவுகளுக்கு "மில்லிமீட்டர் பிட்டு வேணும்" என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். கையோடு ஒரு டோவலையும் கொண்டுபோனால் நல்லது. பாக்கெட்டில் 8 என்று போட்டிருந்தாலும் குச்சி 7.8-ஆகவோ 8.2-ஆகவோ இருக்கலாம். கழிவுத் துண்டில் ஒரு ஓட்டை போட்டு இறக்கிப் பாருங்கள்: பசை இல்லாமல் விரலால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) ஒரு தட்டு போதும்.

டோவல் சென்டர் போதுமா, ஜிக்கு வாங்கியே ஆகணுமா?

டோவல் சென்டர் என்பது நடுவில் கூர்முனை வைத்த சின்ன உலோகக் குமிழ். ஒரு பலகையில் ஓட்டை போட்டு அதற்குள் இதை வைத்து, அடுத்த பலகையை நேராக வைத்து அழுத்தினால் முனை குத்திய இடத்தில் புள்ளி விழும். அங்கே அடுத்த ஓட்டை. இடம் சரியாக வரும், ஆனால் ஓட்டை செங்குத்தாக இறங்குவது உங்கள் கையில் இருக்கிறது. பிட்டுக்குப் பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி, அதைப் பார்த்துக்கொண்டே இறக்கினால் ஓரளவு வரும்.

மூன்று நான்கு இணைப்புக்கு இது தாராளம். ஒரு அலமாரிக்கு இருபது முப்பது ஓட்டை என்று வரும்போது கை சலித்து, ஏதாவது ஒன்று சாயும். ஒரே ஒரு ஓட்டை சாய்ந்தாலும் மொத்தப் பலகையும் சேராது. வேலை அந்த அளவுக்குப் போகிறது என்றால் ஜிக்கு வாங்குங்கள்.

ஆன்லைன்ல ஆயிரத்துச் சொச்சத்துக்கும் இருக்கு, பல ஆயிரத்துக்கும் இருக்கு. என்ன வித்தியாசம்?

குறைந்த விலையில் மூன்று வகை வரும். முதல் வகை, திருகினால் இரண்டு தாடைகளும் ஒரே அளவு நெருங்கி, பலகையின் நடுவைத் தானே பிடிப்பது. இரண்டாவது, ஒரு பக்கத்தில் தடுப்பு வைத்து, அந்த முகத்திலிருந்து தூரத்தை நாமே அமைப்பது. மூன்றாவது, "மூன்று வேலைக்கு ஒன்று" என்று வருவது. அதில் 15 மி.மீ. துளையும் இருக்கும். மாடுலர் ஃபர்னிச்சரில் பலகைகளைக் கழற்றி மாட்டும்படி இணைக்கும் மினிஃபிக்ஸ் வட்டத்துக்கான துளை அது. அந்த வேலை இல்லாதவர்களுக்கு அதில் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

நான் சிபாரிசு செய்வது இரண்டாவது வகையை, காரணத்தைப் பலகை சமமாகச் சேராத கேள்வியில் சொல்கிறேன். எந்த வகையானாலும் துளைக்குள் எஃகு புஷ் (குழாய் மாதிரி உறை) இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் அலுமினியத்தில் துளை போட்டு விற்பதை வாங்காதீர்கள். பிட்டு உரசி உரசி நாளடைவில் துளை பெரிதாகும். ஓட்டை போடும்போது வரும் மரத்தூளில் சாம்பல் நிற மினுமினுப்பு தெரிந்தால் பிட்டு அலுமினியத்தைச் சுரண்டுகிறது என்று அர்த்தம்.

கனடாவில் செய்யும் டோவல்மாக்ஸ், ஜெஸ்ஸம் ஜிக்குகள் மிக நல்லவை. இங்கே வரவழைக்கும் செலவில் ஒரு முழு அலமாரிக்கே பலகை எடுத்துவிடலாம். வீட்டு வேலைக்கு அவை அவசியமில்லை.

வாங்கின ஜிக்கு சரியா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு சோதனைகள். முதலில் புஷ்ஷுக்குள் 8 மி.மீ. பிட்டை விட்டு, விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசாகச் சுழல வேண்டும், கடகடவென்று ஆடக் கூடாது. ஆட்டம் இருந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை.

இரண்டாவது, நடுவைத் தானே பிடிக்கும் ஜிக்குக்கு மட்டும்: கழிவுத் துண்டின் விளிம்பில் ஜிக்கைப் பிடித்து ஒரு ஓட்டை போடுங்கள். ஜிக்கைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி வைத்து, அதே ஓட்டைக்குள் பிட்டை மெதுவாக இறக்குங்கள். எதையும் சுரண்டாமல் போனால் ஜிக்கு நடுவைச் சரியாகப் பிடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் மரம் சீவப்பட்டால், அந்தப் பிறையின் அகலத்தில் பாதிதான் ஜிக்கின் பிழை. பிழை தெரிந்ததும் ஜிக்கைத் தூக்கிப்போட வேண்டாம், அதை வைத்தே நல்ல வேலை செய்யலாம்.

ஜிக்கை நாமளே செஞ்சுக்க முடியாதா?

முடியும், நன்றாகவே வேலை செய்யும். வாகை மாதிரி கெட்டியான மரத்தில் கையளவு கட்டை ஒன்று எடுத்து, நான்கு பக்கமும் மட்டம் பார்த்து இழைத்து, நிறுத்தி வைத்த டிரில் பிரஸ்ஸில் 8 மி.மீ. துளை செங்குத்தாகப் போட்டு, ஒரு பக்கத்தில் பிளைவுட் துண்டைத் தடுப்பாக ஒட்டிவிட்டால் ஜிக்கு தயார். டிரில் பிரஸ் உங்களிடம் இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். இரண்டு மூன்று சாமான் செய்யும்வரை மரத்துளை தாங்கும், பிறகு தேயும்.

தேயாமல் இருக்க வேண்டுமென்றால் லேத் பட்டறைக்குப் போங்கள். கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்ற ஊர்களிலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேத் இருக்கும். 8 மி.மீ. பிட்டு ஆடாமல் நுழையும்படி ஒரு அங்குல நீளத்தில் இரும்புப் புஷ் கடைந்து தரச் சொல்லி, மரக்கட்டையில் இறக்கிவிடுங்கள். நீளமான புஷ் என்பதால் பிட்டு சாய வழியே இருக்காது. விலை மலிவான ஜிக்குகள் பலவற்றைவிட இது எனக்குப் பிடிக்கும்.

எவ்வளவு ஆழம் போடணும்?

டோவல் நீளத்தில் பாதியுடன் 1 மி.மீ. சேர்த்து இரண்டு பக்கமும். 40 மி.மீ. டோவலுக்கு 21-ம் 21-ம். அந்த மிச்ச இடத்தில் உபரிப் பசை தங்கும். குறித்த ஆழத்தோடு நிறுத்த பிட்டில் மாட்டும் வளையமான ஸ்டாப் காலர் சில சமயம் அதிர்வில் நழுவும், அதனால் காலருக்குக் கீழே மாஸ்கிங் டேப்பையும் கொடி மாதிரி ஒட்டிக்கொள்ளுங்கள். ஜிக்கோடு சேர்த்துத் துளைக்கும்போது ஜிக்கின் உயரத்தையும் கணக்கில் கூட்ட வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம்.

ஜிக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பலகையும் சமமா சேரலையே, ஒரு பக்கம் படி நிக்குது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஓட்டை பலகையின் நடுவில் விழ வேண்டும் என்று அவசியமில்லை. இரண்டு பலகையிலும் ஒரே முகத்திலிருந்து ஒரே தூரத்தில் விழுந்தால் போதும். எந்த முகம் வெளியே தெரியப்போகிறதோ அதில் பென்சிலால் பெரிதாக ஒரு குறி போடுங்கள். ஜிக்கின் தடுப்பு எப்போதும் குறி போட்ட முகத்தில்தான் உட்கார வேண்டும். அப்படிச் செய்தால் ஜிக்கு அரை மில்லி ஒதுங்கினாலும் இரண்டு பலகையிலும் ஒரே பக்கம் ஒதுங்கும், சேர்த்தால் சமமாக இருக்கும். ஒரு பலகையில் ஜிக்கைத் திருப்பிப் பிடித்துவிட்டால் அந்த அரை மில்லி ஒரு மில்லியாகும்.

நடுவைத் தானே பிடிக்கும் ஜிக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 18 மி.மீ. என்று வாங்கிய இரண்டு பலகைகள் அதே கனத்தில் இருப்பது அபூர்வம், ஒன்று 17.5 இருக்கும். இரண்டிலும் நடுவில் ஓட்டை போட்டால் நடு நடுவோடு சேரும், முகங்கள் சேராது. தடுப்பு வைத்த ஜிக்கை நான் சொன்னதற்கு இதுதான் காரணம். நீளவாக்கில் இடம் குறிக்க, இரண்டு பலகையையும் சேர்த்து வைத்து, குறுக்கே ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். தனித்தனியாக டேப் வைத்து அளக்க வேண்டாம்.

மேசைக் காலுக்குள் சட்டம் 3 மி.மீ. உள்ளடங்கி நிற்க வேண்டும் என்றால், சட்டத்தில் துளைக்கும்போது தடுப்புக்கும் மரத்துக்கும் நடுவே 3 மி.மீ. பிளைவுட் துண்டைச் சொருகுங்கள். அமைப்பை மாற்றவே தேவையில்லை.

பிளைவுட்ல போட்டா மறுபக்கம் முனை எட்டிப் பாக்குது. விளிம்பும் விரியுது.

ஷெல்ஃப் பலகை பக்கவாட்டுப் பலகையில் முட்டும் இடத்தில், பக்கவாட்டின் முகத்தில் 18 மி.மீ. கனம்தான் இருக்கிறது. அதில் 12 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். பிராட் பாயிண்ட்டின் நடு முனை ஓட்டையின் ஆழத்தைத் தாண்டி இரண்டு மூன்று மி.மீ. முன்னால் நிற்கும், எட்டிப் பார்ப்பது அதுதான். 40 மி.மீ. டோவல் என்றால் முகத்தில் 12, ஷெல்ஃபின் விளிம்பில் 30. 30 மி.மீ. டோவல் என்றால் 12-ம் 20-ம்.

விளிம்பு விரிவதற்குப் பெரும்பாலும் காரணம் மழுங்கிய பிட்டு, இல்லையென்றால் மேலே சொன்ன நூல் கணக்குக் குழப்பத்தில் வந்த இறுக்கமான டோவல். துளைக்கும் இடத்தில் பலகையின் இரு முகத்தையும் சேர்த்து ஒரு சி கிளாம்ப் இறுக்கிவிட்டுத் துளையுங்கள். ஒரே மூச்சில் இறக்காமல் நடுவில் ஓரிரு முறை பிட்டை வெளியே எடுத்துத் தூளை உதறுங்கள்.

கிளாம்ப் விலையைக் கேட்டா தலை சுத்துது. அது இல்லாம முடியாதா?

ஸ்க்ரூ தானே இழுத்துப் பிடிக்கும். டோவல் இழுக்காது, பசை காயும்வரை வெளியிலிருந்து யாராவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நீளமான கிளாம்ப் நான்கு வாங்கினால் ஜிக்கின் விலையைத் தாண்டிவிடும் என்பது உண்மைதான்.

ஆப்பு வைத்துச் செய்யலாம். சமமான பழைய பிளைவுட் மேல், செய்யும் சாமானைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளியில் இரண்டு கட்டைகளை ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். நடுவில் சாமானை வைத்து, மிச்ச இடைவெளியில் எதிரெதிரே சாயும் இரண்டு ஆப்புகளை வைத்து மாறி மாறித் தட்டினால் நல்ல இறுக்கம் வரும். பெட்டி வடிவ வேலைக்குக் கயிறு போதும்: சுற்றிலும் இரண்டு சுற்றுக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் சொருகி முறுக்குங்கள். மூலைகளில் கயிறு பதியாமல் அட்டைத் துண்டு வையுங்கள். இறுக்கியதும் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். ராத்திரி முழுக்க அப்படியே விடலாம்.

பசை தடவி அடிச்சா டோவல் பாதியில நிக்குது. பசை இல்லாம நல்லாப் போச்சே?

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அது பட்டதும் டோவல் ஊதத் தொடங்கும். அது நல்லதுதான், ஊதி இறுகினால்தான் பிடிப்பு. ஆனால் நாம் தாமதிக்கக் கூடாது. குச்சியில் அப்பாமல், மெல்லிய ஈர்க்கால் ஓட்டையின் சுவரில் சுற்றிலும் பசை தடவி, உடனே இறக்குங்கள். ஓட்டைக்குள் பசையை ஊற்றினால் அடியில் தேங்கி, டோவலை இறங்க விடாது. பசை எடுக்கும் முன்னரே எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே சேர்த்துப் பார்த்து, கிளாம்பையும் அளவுக்குத் திறந்து வைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை அதிகமாகும், கடலோர ஊர்களில் வருடம் முழுக்க உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்தே டோவல் ஊதிவிடும். பாக்கெட்டைப் பிரித்ததும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு வையுங்கள். ஊதிய குச்சிகளை நல்ல வெயிலில் தட்டில் பரப்பிக் காயவைத்தால் பழைய அளவுக்குத் திரும்பும். உப்புத்தாளில் தேய்த்துச் சிறிதாக்காதீர்கள், வரிகள் போய்விடும்.

ஒரு ஓட்டை மட்டும் ஒரு மில்லி விலகிடுச்சு. பலகையே வீணா?

வீணில்லை. ஓட்டையைப் பெரிதாக்கித் தப்பிக்க மட்டும் பார்க்க வேண்டாம், டோவல் ஆடினால் இணைப்பே இல்லை. விலகிய ஓட்டையில் பசையோடு ஒரு டோவலை முழுக்க அடித்து, மறுநாள் மட்டமாக அறுத்து உளியால் சீவிவிட்டு, ஜிக்கு வைத்துப் புதிதாகத் துளையுங்கள். ஜிக்கு இல்லாமல் கையால் துளைத்தால் பிட்டு பழைய ஓட்டைக்கே ஓடும்.

டேபிள் டாப்புக்கு பலகை ஒட்ட எத்தனை டோவல் போடணும்?

பலத்துக்காக என்றால் ஒன்றுகூட வேண்டாம். நீளவாக்கில் இழைத்த இரண்டு விளிம்புகள் இடைவெளியின்றிப் பொருந்தினால் பசை மட்டுமே மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். பசை தடவி இறுக்கும்போது பலகை மேலும் கீழும் வழுக்காமல் இருக்க, ஓரடிக்கு ஒன்று போதும். ஆனால் மேல்பலகையைச் சட்டத்தோடு டோவலும் பசையும் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். மழைக்கும் வெயிலுக்கும் மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், இடம் கொடுக்காவிட்டால் வெடிக்கும். நீள்துளை போட்ட எல் கிளிப்பால் பிடியுங்கள்.

டோவல் போட்ட நாற்காலி வருஷத்துலயே ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஜிக்கு தப்பா, என் கை தப்பா?

இரண்டும் இல்லை, அந்த இடம் டோவலுக்குக் கடினமான இடம். சட்டத்தின் முனையில் டோவலின் நாரும் மரத்தின் நாரும் ஒரே வாக்கில் ஓடுகின்றன, பசை சுற்றிலும் பிடிக்கும். நாற்காலிக் காலில் ஓட்டை நாருக்குக் குறுக்கே போகிறது. அங்கே சுவரில் பாதி வெட்டுமுகம், பசை அதில் சரியாக ஒட்டாது. போதாததற்கு, டோவல் ஒரு வாக்கில் சுருங்க, கால் வேறு வாக்கில் சுருங்கும். பின்னால் சாய்ந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் முழுப் பாரமும் அந்தச் சின்னப் பசைப் பிடிப்பைத்தான் நெம்பும்.

ஆடும் இணைப்பைத் தட்டிப் பிரித்து, பழைய பசை தடவிய டோவலை வெட்டி எறிந்துவிட்டு, அதே இடத்தில் 8-க்குப் பதில் 10 மி.மீ. துளைத்து, காலின் கனம் தாங்கும் அளவுக்கு ஆழமாகப் போடுங்கள். ஒரு இணைப்புக்கு இரண்டு டோவல், சட்டத்தின் அகலம் அனுமதிக்கும் மட்டும் மேலும் கீழும் தள்ளி வையுங்கள். உள்மூலையில் முக்கோணக் கட்டை ஒன்றைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு முடுக்கினால் பாரம் பிரியும். புதிதாக நாற்காலி செய்வதாக இருந்தால் கழுந்து வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு இரண்டும் வேண்டாம், கழற்றி மாட்டும்படி போல்ட்டும் உருளை நட்டும் போட்டுவிட்டு, சட்டம் திரும்பாமல் இருக்கப் பக்கத்தில் பசையில்லாத டோவல் ஒன்றை மட்டும் வையுங்கள்.